கார்த்திகைத் தக்காளி

சுனையடி மடத்துக்கு வந்து சேர்ந்தபோது தில்லைவிடங்கனுக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு நாற்பதுகூட நிறையவில்லை. ஊரார் குருவைச் சுனையடிச் சாமி என்று கூப்பிட்டார்கள். அவருக்கு வேறு பெயர் இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

விடங்கன் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் கொடுத்தார், வீட்டை மனைவியின் நினைவோடு பூட்டினார், கிளம்பி வந்துவிட்டார். எல்லாவற்றையும் விட்டாயிற்று என்றுதான் நினைத்தார். நாக்கு மட்டும் கூடவே வந்திருந்தது.

அது ஊரறிந்த நாக்கு. கல்யாண வீடுகளில் அவர் உட்காருகிற பந்திக்குத் தலைமைச் சமையற்காரரே வந்து கைகட்டி நிற்பார். மகளின் மறுவீட்டு விருந்தில் சம்பந்தி வீட்டுச் சாம்பாரை ஒரு கவளம் வாயில் போட்டார், இலையை மூடிவிட்டு எழுந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலாவது மன்னித்திருப்பார்கள். அந்த ஒரு கவளத்துக்காக அவர் மகள் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல. புகுந்த வீட்டில் அவளுக்கு ‘இலை மூடினவர் மகள்’ என்றே பெயர் நின்றுவிட்டது.

அந்த நாக்கை ஜெயித்தே தீர்வது என்று மடத்தில் அவருக்கு ஒரு வைராக்கியம் பிறந்தது. ஆடி மாதம் விரதம் எடுத்தார். உப்பு, புளி, காரம், இனிப்பு எதுவும் கிடையாது. வெறும் சோற்றில் தண்ணீரை ஊற்றி, மருந்து விழுங்குவதுபோல விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார். திருக்கார்த்திகைத் தீபத்தன்று விரதம் முடியும். அன்றைக்கே தீட்சை கொடுப்பதாகச் சாமியும் சொல்லியிருந்தார். நடுவில் ஒரு துளி புளிப்பு நாக்கில் பட்டாலும் மறுபடி முதலிலிருந்து என்பது சட்டம். சட்டம் போட்டவர் சாமி அல்ல, விடங்கனேதான்.

தீபத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது சாமியிடம் போய் நின்றார். சாமி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்.

“சாமி, நாக்கு செத்துப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுறது?”

சாமி தவிடு கலக்கி முடித்தார். பிறகு கையைக் கழுவினார்.

“சந்தைக்குப் போய் நல்ல தக்காளியா வாங்கிட்டு வாங்க, விடங்கரே. பவளக்கொடிக்கு.”

பவளக்கொடி, மடத்து மாடுகளைப் பார்த்துக்கொள்கிற இருளப்பனின் மனைவி. தொழுவத்துக்குப் பின்னால் குடியிருந்தார்கள். அவளுக்கு மசக்கை. மசக்கை எல்லாருக்கும்தான் வருகிறது, ஆனால் இவளுக்குப் பச்சைத் தண்ணீரும் தங்கவில்லை. முன்னால் இரண்டு தடவை கரு கலைந்து போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். கேட்டதைக் கொடுங்கள், எதுவானாலும் சரி, வயிற்றில் நின்றால் போதும், இல்லாவிட்டால் இந்தப் பிள்ளையும் கஷ்டம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பவளக்கொடி கேட்டது தக்காளி ரசம். கையிலிருந்த தக்காளியை வைத்து முந்தின நாள் மடத்திலேயே வைத்துக் கொடுத்தார்கள். தண்ணி வாடை அடிக்கிறது என்று டம்ளரோடு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. கார்த்திகை மழையில் தக்காளி என்பது பெயருக்குத்தான். ஊர்ச் செடியில் இருக்கிற பழம் வெடித்துவிடும். வெடிக்காதது தண்ணீரைக் குடித்து ஊதிக் கிடக்கும். மற்றதெல்லாம் எங்கேயோ காயாக லாரியில் ஏறி, வருகிற வழியில் சிவந்து, சந்தையில் பழமாக இறங்கும்.

விடங்கனுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. தான் கேட்டது ஞானம், கிடைத்தது பை. மசக்கை ஆசையும் ஒரு நாக்கு ஆசைதானே, அதற்கு மடமே ஓட வேண்டுமா என்று இழுத்தார். சாமி அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

“இந்த மழையில தக்காளி வாங்கணும்னா பொறுக்கத் தெரியணும்,” என்று மட்டும் சொன்னார்.

பொறுக்க என்ற சொல் நம்மிடம் இரண்டு வேலை பார்க்கிறது. கூடையில் கையை விட்டு நல்லதாகத் தேடி எடுப்பதற்கும் அதுதான். வருவதைத் தாங்கிக்கொண்டு கிடப்பதற்கும் அதுதான். வீட்டில் இருப்பவனுக்கு முதல் அர்த்தம் முதலில் தோன்றும். மடத்தில் இருப்பவனுக்கு இரண்டாவதுதான் தோன்றும். குருவாக்கு கிடைத்துவிட்டது என்று விடங்கனுக்கு உடம்பு சிலிர்த்தது.

சந்தையில் சொர்ணத்தாயின் கடை முன்னால் போய் நின்றார். அவளுக்கு அவரை நன்றாகத் தெரியும். முருங்கைக்காயைக்கூட முறுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிற அண்ணாச்சி. கூடையை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கையை நீட்டவில்லை.

“நீயே போடும்மா,” என்றார்.

அவள் அள்ளிப் போட்டாள். அழுகல் ஒன்று அவர் கண் முன்னாலேயே பைக்குள் உருண்டது. பொறுத்தார். இன்னொன்று தோல் கழன்று அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதையும் பொறுத்தார். சொர்ணத்தாய்க்கே மனசு கேட்கவில்லை, பார்த்து எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி என்றாள். விடங்கன் புன்னகைத்துவிட்டு நடந்தார். நடை வழக்கத்தைவிட நிதானமாக இருந்தது.

மடத்தில் சாமி பையைப் பாயில் கவிழ்த்தார்.

“பொறுக்கத் தெரியணும்னு சொன்னேம்லா?”

“பொறுத்தேன் சாமி.”

சாமி ஒரு அழுகலை எடுத்துத் தள்ளி வைத்தார்.

“தக்காளியைப் பொறுக்கச் சொன்னேன். கையால.”

அந்தக் குவியலில் தேறியதை வைத்து அன்றைக்கு ரசம் வைத்தார்கள். விடங்கனே எடுத்துக்கொண்டு போனார். பவளக்கொடி கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அண்ணாச்சி வந்திருக்கார் என்று இருளப்பன் சொன்னதும், மரியாதைக்காக எழுந்து உட்கார்ந்து ஒரு மடக்குக் குடித்தாள். இருளப்பன் சட்டியை எடுத்து நீட்டுவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. ரசம் போன பிறகும் குமட்டல் நிற்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவள் மறு கையை உயர்த்தியபோது கண்ணாடி வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சரிந்து போனது.

“பரவால்ல அண்ணாச்சி. நீங்க மழையில அலைஞ்சதுதான் மிச்சம்,” என்றாள்.

விடங்கனுக்கு வெட்கமாக இருந்தது. பொறுமையாக இருந்தவர் அவர், பட்டினி கிடப்பவள் அவள். அன்றிரவு வெறும் சோறுகூட அவருக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இந்தத் தடவை பொறுக்கினார். சொர்ணத்தாய் போதும் போதும் என்கிற வரைக்கும் பொறுக்கினார். பட்டில் சாயம் பார்த்துப் பழகிய கண், ஒரு வடுகூட இல்லாமல், ஒரே அளவில், ஒரே சிவப்பில் பை நிறைய எடுத்துவிட்டது. வழியில் பார்த்தவர்கள் எங்கே அண்ணாச்சி கிடைத்தது என்று நின்று கேட்டார்கள்.

சாமி ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்துக் கடித்தார். மென்றார். மிச்சத்தை மாட்டுக்குப் போட்டார். மாடு மோந்து பார்த்துவிட்டு வைக்கோலுக்கே திரும்பிப் போய்விட்டது.

“கண்ணுக்கு நல்லா இருக்கு,” என்றார் சாமி.

“வேற எப்படிச் சாமி பார்த்து வாங்குறது?”

“தின்னு பார்த்தீங்களா?”

“எனக்கு விரதம்லா சாமி.”

“ஆமா. உங்களுக்கு விரதம்,” என்று சாமி ஒப்புக்கொண்டார். அதில் கேலி இருந்ததா என்று விடங்கனுக்குத் தெரியவில்லை. சாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார்.

மடத்துச் சமையற்காரரை அனுப்பலாமே என்று உங்களுக்குத் தோன்றும். விடங்கனுக்கும் தோன்றியது. சமையற்காரர் பெயர் நாவுக்கரசு. பெயரில்தான் நாக்கு. அவர் சமையலைத் தின்றுவிட்டும் திரும்பி வருகிறவர்களை வைத்துத்தான் இந்த மடத்தில் உண்மையான பக்தர்கள் யார் என்று கணக்குப் பார்ப்பது வழக்கம்.

ஆகவே அடுத்த நாள் விடங்கன் மூன்றாவது தடவையும் தானே போனார். அப்போதும் விரதத்தை விட அவருக்கு மனசில்லை. வேறு யார் வாயையாவது கடன் வாங்கலாம் என்றுதான் போனார். சொர்ணத்தாயிடம், ஒன்றைத் தின்று பார்த்துச் சொல்லம்மா என்று கேட்டார்.

அவள் சிரித்தாள். “நான் தக்காளியே திங்கிறதில்ல அண்ணாச்சி. எனக்குக் கிட்னியில கல்லு இருக்கு. டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டாரு.”

மூட்டை இறக்குகிறவரைக் கேட்டார். அவர் வாயில் புகையிலை. தக்காளியை வாங்கி, புகையிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு கடித்து, அருமை என்றார். இன்னொன்றைக் கொடுத்தார், அதுவும் அருமை. அழுகல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். அது கொஞ்சம் கூடுதல் அருமை என்றார் அவர். காய் வாங்க வந்த ஒரு அம்மா, இந்த மாசத்தில் தக்காளியை யார் தின்று பார்த்து வாங்குகிறார்கள், போடுகிற இடத்தில் புளியைக் கூட்டிக் கரைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று புத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

மழை பிடித்துக்கொண்டது. விடங்கன் தார்ப்பாயின் ஓரத்தில் ஒதுங்கி நின்றார். கையில் ஒரு தக்காளி இருந்தது. தீபத்துக்கு இன்னும் நாலு நாள். ஆடியிலிருந்து விழுங்கிய அத்தனை வெறும் சோறும் கண் முன்னால் வந்தது. இந்த நாக்கை அவிழ்த்துவிட்டால் திரும்பக் கட்ட முடியுமா என்று பயமாக இருந்தது. மகள் முகம் நினைவுக்கு வந்தது, பயம் அதிகமானது. பிறகு அந்த வளையல் முழங்கைக்குச் சரிந்தது நினைவுக்கு வந்தது.

கடித்தார்.

வெறும் தண்ணீர். இதைக் குடித்தால் அவளுக்கு உடனே புரட்டும் என்று கீழே போட்டார். அடுத்த கடைக்குப் போனார். அங்கே புளிப்பு இருந்தது, ஆனால் அடியில் ஒரு ஊசல் வாடை. வாசனைக்கே தாங்க மாட்டாள். அதற்கடுத்தது நல்ல புளிப்புதான், இருந்தும் சுருக்கென்று தொண்டையைப் பிடித்தது. நாலு நாள் காய்ந்த வயிறு, எரியும். இன்னொன்றில் மண் வாடை. இப்படியே ஒவ்வொரு கடையாகக் கடித்துத் துப்பிக்கொண்டு போனார். துண்டெல்லாம் விதை. அண்ணாச்சிக்கு மடத்தில் சோறு போடுவதில்லை போலிருக்கிறது, இப்படியே விட்டால் சந்தையையே தின்றுவிடுவார் என்று கடைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் காதில் விழவில்லை.

சந்தையின் கடைசியில் ஒருவர் அவரைக்காயும் கத்தரிக்காயும் விரித்து உட்கார்ந்திருந்தார். கூடையின் மூலையில், இலையைப் போட்டு மூடி, கைப்பிடியளவு தக்காளி. சின்னச் சின்னதாக, நெளிநெளியாக, காம்படியில் பச்சை மாறாமல், பார்க்கவே சகிக்காத பழங்கள். அது விற்க இல்லை, ஒரு ஆளுக்குக் கொடுக்க வைத்திருக்கிறேன் என்றார் அவர். எங்கே விளைந்தது என்று விடங்கன் கேட்டார்.

“விளையவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வீட்டுச் சுவரோரம் தானா முளைச்சுக் கெடக்கு. கூரை இறவாணத்துக்கு அடியிலங்கதால மழை விழாது. வெயில் மட்டும் அடிக்கும். தண்ணியும் ஊத்துறதில்ல.”

“ஒண்ணு கடிச்சுப் பார்க்கட்டுமா?”

அவர் ஆளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விடங்கன் கடித்தார். மெல்லாமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு மெதுவாக மென்று விழுங்கினார்.

“இது நிக்கும்,” என்றார்.

என்ன நிற்கும், எங்கே நிற்கும் என்று அந்த மனிதருக்குப் புரியவில்லை. பிள்ளைத்தாச்சிக்கு என்று விடங்கன் சொன்னதும் இலையோடு சேர்த்து அத்தனையையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

மடத்துக்கு வந்ததும் நாவுக்கரசை அடுப்படியிலிருந்து வெளியே அனுப்பினார். தக்காளியைக் கையாலேயே பிசைந்தார். புளி சேர்க்கவில்லை. பூண்டு வாடை ஆகாது என்று பூண்டை விட்டார். மிளகைக் குறைத்தார். கொதிக்க விடாமல் நுரை கட்டியதும் இறக்கினார். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார், ஒரு கல் உப்புப் போட்டார், மறுபடி நக்கிப் பார்த்தார். சூடு ஆறுகிற வரைக்கும் காத்திருந்து எடுத்துக்கொண்டு போனார்.

பவளக்கொடி டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு குடித்தாள். ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு, முழுதும். இருளப்பன் சட்டியை ஏந்திக்கொண்டு நின்றான். விடங்கன் வாசற்படியில் நின்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு வயிற்றின் மேல் கையை வைத்திருந்தாள். ஒரு தடவை தொண்டை ஏறி இறங்கியது, இருளப்பன் சட்டியை முன்னால் கொண்டுபோனான். ஒன்றும் வரவில்லை. தொழுவத்தில் கன்று கத்தி ஓய்ந்தது. அப்போதும் வரவில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள்.

“இன்னும் கொஞ்சம் இருக்கா அண்ணாச்சி?”

இருளப்பன் சட்டியைக் கீழே வைத்தான். வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். விடங்கன் டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். அந்த வயதில், அந்தத் தொந்தியோடு அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் சாமி சுனையடியில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். விடங்கன் போய் நின்றார். சந்தோஷமெல்லாம் வடிந்திருந்தது.

“சாமி, விரதம் போச்சு.”

“அப்படியா?”

“சந்தையில கடை கடையா ருசி பார்த்தேன். வந்து ரசத்தையும் ருசி பார்த்தேன். உப்பு, புளிப்பு, காரம், ஒண்ணு பாக்கியில்ல.” விதை காய்ந்து ஒட்டிய துண்டைக் கையில் சுருட்டினார். “நாக்கை அடக்க என்னால ஆகல சாமி. திரும்ப ஆடியிலதான் ஆரம்பிக்கணும்.”

சாமி மாட்டின் முதுகில் தண்ணீரை ஊற்றினார். வைக்கோலைச் சுருட்டித் தேய்த்தார்.

“தக்காளி எப்படி இருந்துது?”

“நல்லா இருந்துது சாமி. ரெண்டு டம்ளர் குடிச்சா. அப்புறம் ரசத்தை ஊத்திக் கொஞ்சம் சோறும் தின்னா. எல்லாம் நின்னுடுச்சு.”

“அதை இருளப்பன் வந்து சொல்லிட்டான். உங்களுக்கு எப்படி இருந்துது?”

விடங்கன் வாயைத் திறந்தார். புளிப்பு என்று சொல்ல வந்தார். அவள் வயிறு எவ்வளவு புளிப்பைத் தாங்கும் என்று கணக்குப் பார்த்ததுதான் ஞாபகம் வந்தது. அடியில் ஒரு இனிப்பு இருந்ததோ என்று யோசித்தார். இன்னும் இருக்கா என்று அவள் டம்ளரை நீட்டியது ஞாபகம் வந்தது. சுவரோரத் தக்காளியை மெல்லாமல் வாயில் வைத்திருந்த அந்த நேரத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தார். தனக்கு எப்படி இருந்தது என்பது மட்டும் எவ்வளவு தேடியும் அகப்படவில்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டார்.

சாமி மாட்டை அவிழ்த்துக் கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார். “தீபத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்குல்லா.”